விக்ட்ரோலாவின் அசலை எங்கே தேடுவது?

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர், பழம்பொருட் கடையொன்றில் வாங்கிய விக்ட்ரோலா இசைப்பெட்டியின் படங்களை அனுப்பி, "இது அசல்தானா?" எனக் கேட்டிருந்தார். கண்ணாடிபோல் மினுங்கும் மரம். அந்த மினுக்கமே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், கம்டன் நகரில் இயங்கிய விக்டர் கம்பனி 1906 இல் விக்ட்ரோலாவை 200 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. அதுவரை கிராமபோன் என்றால் வெளியே நீட்டி நிற்கும் புனல்தான். வரவேற்பறைக்கு அது அழகன்று என்று கருதியோருக்காக அதனைக் கீழ்நோக்கி மடித்துப் பெட்டிக்குள் மறைத்தார்கள். முன்கதவுகளைத் திறந்தும் சாத்தியும் ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம். முதற் பெட்டிகளைச் செய்து கொடுத்தது பிலடெல்பியாவின் பூலி தளபாடக் கம்பனி. அவற்றின் மூடி தட்டையானது. இசைத்தட்டை மாற்றக் கையை உள்ளே ஆழமாக விடவேண்டும். பின்னரே மூடி உயர்ந்து வளைந்தது.

இனிப் பெட்டியைத் திறப்போம். சுழல்தட்டின் அருகே மாதிரியின் பெயரும் தொடரிலக்கமும் பொறித்த உலோகத் தகடு இருக்கவேண்டும். ஊசி பொருந்தும் சவுண்ட் பொக்ஸ் அந்தக் காலத்ததா எனப் பாருங்கள். தொடக்க காலத்துக்குரியது 'எக்சிபிஷன்' வகை. அதற்குப் பின் வந்த 'இலக்கம் 2' ஒரு 1910 ஆம் ஆண்டுப் பெட்டியில் இருந்தால் அது இடையில் மாற்றப்பட்டது. ஆனால் மோசடி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நல்ல ஒலியை விரும்பி, அக்கால உரிமையாளரே மாற்றியிருக்கலாம். அதுவும் அப்பெட்டியின் சரித்திரந்தான்.

மன்னிக்க முடியாதவை வேறு. இயந்திரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு மதுபான அலுமாரியாக்கப்பட்ட பெட்டிகள் ஏராளம். வலப்புறத்தில் சாவிக்கைபிடி நுழையும் துளை மரத்தால் அடைக்கப்பட்டிருந்தால் கதை விளங்கிவிடும்.

அதனிலும் கொடியது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் மெருகூட்டல். பழைய பூச்சு அரக்காலானது. மதுசாரம் பட்டால் கரையும். சுரண்டி எடுக்கும்போது, மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட நாய்ச் சின்னமும் கூடவே போய்விடும். புதிதாக அச்சிட்டு ஒட்டுகிறார்கள். நூறாண்டுப் பெட்டியில் அச்சின்னம் மட்டும் பளிச்சென்று கீறலின்றி இருந்தால் ஐயுறுங்கள்.

நண்பரின் பெட்டியில் தகடும் இயந்திரமும் சரியாகவே இருந்தன. சின்னம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மினுக்கம். ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் புதிய உருக்கு ஊசி போட்டுக் கேளுங்கள், இனிமேல் மரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள் என்று பதில் எழுதினேன்.