காலைதோறும் மருத்துவர் வந்த கல்விக்கூடம்

பாடம் சொல்லிக் கொடுப்பதோடு ஒரு கல்விக்கூடத்தின் கடமை முடிந்துவிடுகிறதா? மாணவனின் பசிக்கும் நோய்க்கும் மனக்கவலைக்கும் யார் பொறுப்பு? இக்கேள்விகள் இன்றைய பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பக்தாத் நகரம் இவற்றுக்கான விடையை ஒரு கட்டடமாக எழுப்பிக் காட்டியது.

அதைக் காணுமுன், அந்நகரில் பாடம் நடத்திய இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வை நினைவுகூர்தல் தகும். கி.பி. 1058இல் தூஸ் பகுதியில் பிறந்த அவர்கள், இளமையிலேயே தந்தையை இழந்தார்கள். ஏழையான தந்தை, தம் இரு மைந்தரையும் சிறு தொகையுடன் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்திருந்தார். அத்தொகை தீர்ந்ததும், வறியவரான அந்நண்பர், உணவளிக்கும் மதரஸா ஒன்றில் சேர்ந்துகொள்ளுமாறு சிறுவர்களுக்கு அறிவுரை கூறினார் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அன்று அந்த உணவு கிடைத்திராவிடில், ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூல் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

1091இல் அவர்கள் பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியர் ஆனார்கள். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பயின்றனர். புகழின் உச்சியில் இருந்த 1095ஆம் ஆண்டில் கடும் உள்ளப் போராட்டம் அவர்களை ஆட்கொண்டது. பாடம் நடத்த முயன்றபோது நாவு எழவில்லை, உணவு இறங்கவில்லை, உடல் நலிந்தது. இதனை ‘அல்முன்கித்’ என்னும் தன்வரலாற்று நூலில் அவர்களே ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார்கள். உள்ளத்தில் தோன்றிய பிணியே உடலுக்குப் பரவியுள்ளது, உள்ளத்தின் கவலை நீங்கினாலன்றி மருந்து பயன் தராது என்பதே மருத்துவர்களின் முடிவாக இருந்தது. அவ்வாண்டே அவர்கள் பதவியைத் துறந்து நகரைவிட்டு வெளியேறினார்கள்.

மருத்துவர்களின் இந்த அறிவு திடீரென முளைத்ததன்று. கி.பி. 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ (ரஹ்), உடல் நலத்துக்கும் உள்ள நலத்துக்கும் தனித்தனிப் பகுதிகள் அமைத்து ஒரே நூல் எழுதியிருந்தார்கள். நோய் வருமுன்பே மருந்தைச் சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர்களின் கருத்து.

இத்தகைய அறிவு வளர்ந்த மண்ணில்தான், அப்பாஸிய கலீஃபா அல்முஸ்தன்சிர் பில்லாஹ், தஜ்லா ஆற்றின் கீழ்க்கரையில் முஸ்தன்சிரிய்யா மதரஸாவை நிறுவினார். 1227இல் தொடங்கிய கட்டடப் பணி நிறைவுற்று, 1234இல் அது திறக்கப்பட்டது. நான்கு மத்ஹபுகளுக்கும் தலா 62 மாணவர்கள், ஆக 248 பேர் ஃபிக்ஹு பயின்றனர். பெரிய சமையற்கூடத்திலிருந்து நாள்தோறும் ரொட்டியும் இறைச்சியும் வழங்கப்பட்டன. மாதம் ஒரு பொற்காசு உதவித்தொகையாகக் கிடைத்தது. காகிதம், எழுதுகோல், விளக்கு, எண்ணெய் ஆகியவையும் கொடுக்கப்பட்டன. குளியலறையும் மருத்துவமனையும் வளாகத்துக்குள்ளேயே இருந்தன. மருத்துவர் ஒருவர் காலைதோறும் வந்து நோயுற்றோரைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்துகளுக்கென்று பண்டகசாலையும் இருந்தது. 1258இல் மங்கோலியரால் பக்தாத் வீழ்ந்த பின்னரும் இந்நிறுவனம் உயிர்பிழைத்தது. 1327இல் அங்கு வந்த இப்னு பதூதா, மாணவர்களுக்கான குளியலறையைக் குறிப்பிட்டுள்ளார்.

இவ்வேற்பாட்டின் சிறப்பு அதன் அடித்தளத்தில் உள்ளது. செலவு அனைத்தும் வக்ஃபு சொத்துகளின் வருவாயிலிருந்து வந்தது. ஆகவே மாணவன் பெற்ற உணவும் மருந்தும் கையேந்திப் பெற்ற தர்மம் அன்று; அங்கு இடம் பெற்றதாலேயே அவனுக்கு உரித்தான பங்கு. அவ்வமைப்பு குறையற்றது என்று சொல்வதற்கில்லை. இடங்கள் எண்ணிக்கைக்குட்பட்டவை, அவையும் ஆண்களுக்கே உரியவை. எனினும், பசித்த வயிற்றோடும் கவனிக்கப்படாத நோயோடும் கல்வி நிலைக்காது என்பதை அதன் நிறுவனர்கள் உணர்ந்திருந்தனர்.

இன்று நம் பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் சென்று விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். ஜமாஅத்துகளும் செல்வந்தர்களும் கல்விக் கட்டணத்துக்கு உதவுகின்றனர், பாராட்டத்தக்கதே. ஆனால் உணவு, அறை வாடகை, மருத்துவச் செலவு ஆகியவை பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. அதனினும் வருந்தத்தக்கது, மனம் சோர்ந்த மாணவனிடம் “உனக்கு ஈமான் குறைவு” என்று கூறி வாயடைத்துவிடுவது. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் எனப் போற்றப்படும் இமாமுக்கே நாவு எழாத நாள்கள் இருந்தன எனில், பத்தொன்பது வயதுப் பிள்ளையைக் குற்றவாளியாக்குவது எவ்வகையில் நியாயம்?

தொழுகையும் துஆவும் உள்ளத்துக்கு வலிமை தருபவை. மருத்துவரை நாடுவது அவற்றுக்கு முரணானதன்று. இந்தியாவில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவது பெற்றோரின் கடமை. கல்வி நிதி திரட்டும் ஒவ்வொரு ஜமாஅத்தும் அதில் ஒரு பகுதியை மாணவர்களின் உணவுக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்குமாயின், முஸ்தன்சிரிய்யாவின் பணி நம் ஊர்களிலும் தொடரும், இன்ஷா அல்லாஹ்.