தொகுப்பி
‘தொகு’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த பெயர்; எட்டுத்தொகையின் ‘தொகை’க்கும் அதுவே அடி. மனிதர் எழுதிய மூலநிரலைப் பொறிமொழியாக மாற்றும் மென்பொருளைக் குறிக்கும், பேச்சில் கம்பைலர். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குக் கொள்ளையிடுதல் என்று பொருள். தமிழ்ச் சொல்லில் அந்த நிழல் இல்லை. கிரேஸ் ஹாப்பர் 1952 அளவில் யூனிவாக் கணினிக்கு உருவாக்கிய ஏ-0, நூலகத்திலிருந்த துணைநிரல்களைத் திரட்டிக் கோத்தது. ஆகவே பெயர் அன்று முழுதும் பொருந்தியது. இன்று மொழிமாற்றமே முதன்மைப் பணி. கோக்கும் வேலை இணைப்பி (லிங்கர்) என்னும் தனி மென்பொருளைச் சேர்ந்தது.

தொகுப்பியின் பணிக்கு ஓர் எடுத்துக்காட்டு: சி++ மொழியில் எழுதப்பட்ட ‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ என்னும் திறமூல விளையாட்டுக்கு மூலநிரல் ஒன்றே. லினக்ஸில் ஜிசிசி, விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ, மேக்கில் எக்ஸ்கோடு வழியே கிளாங் அதைத் தொகுக்கின்றன. தொகுத்துக் கிடைக்கும் கோப்பின் வடிவம் தளத்துக்குத் தளம் மாறுவதால், ஓரிடத்தில் தொகுத்தது மற்றொன்றில் நேரடியாக ஓடாது. எஸ்டிஎல், பூஸ்ட் நூலகங்கள் முன்பே இருக்க வேண்டும். இல்லையெனில் தொகுப்பு பாதியில் நின்றுவிடும்.