முள்ளின் பாரம்

காத்திவாக்கத்திலிருந்து என்னோடு பல வருஷம் ஷிப்டுக்குப் போய்வந்த நண்பர் போன வாரம் போன் செய்தார். "பையன் பணம் அனுப்பியிருக்கான். லட்ச ரூபாய்க்கு மேலே ஒரு டர்ன்டேபிள் பார்த்து வெச்சிருக்கேன். வாங்கலாமாப்பா?" என்றார். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால், இந்தக் கருவியின் வரலாறு முள்ளின் பாரம் குறைந்த வரலாறுதான். 1908-ல் கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனி இசைத்தட்டு அச்சிடத் தொடங்கியது. அரக்குத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. அரக்கோடு கல்மாவும் சேர்ந்திருக்கும். அது எஃகு முள்ளைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருந்த வைக்கும். பக்கத்துக்கு ஒரு முள் மாற்றியது அதனால்தான். தட்டின்மேல் இறங்கிய பாரம் நூறு கிராமுக்கும் அதிகம். 1930-களில் ஏவி. மெய்யப்பனும் கூட்டாளிகளும் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் விற்ற பாட்டும் நாடகமும் இப்படிப்பட்ட தட்டுகளில் வந்தவைதான்.

1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. வினைல், 33⅓ சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். பள்ளம் மெல்லியது என்பதால் முள்ளும் மெல்லியதானது. இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராம் அளவுக்குத்தான் அழுத்துகிறது.

முள் நுணுகியதும் மோட்டாரின் அதிர்வும் கேட்க ஆரம்பித்தது. இங்கிலாந்தின் கேரார்டு 301 (1954) ரப்பர் சக்கரத்தால் தட்டைச் சுற்றியது. சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் டி.டி. 150 (1965) பெல்ட் போட்டு, தட்டையும் கையையும் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டது. ஜப்பானின் டெக்னிக்ஸ் 1970 வாக்கில் மோட்டார் அச்சிலேயே தட்டை வைத்தது. லட்ச ரூபாய் மெஷின்கள் இன்றும் பெரும்பாலும் இந்த வழிகளில்தான் போகின்றன.

இனி என் கதை. நம் வீடுகளில் 78-ம் எல்.பி.யும் கலந்திருந்த காலத்தில், பிளேயர் கையின் நுனியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். ஒரு பக்கம் 78 முள், திருப்பினால் எல்.பி. முள். 78 முள் ஏறக்குறைய மூன்று மடங்கு பருமன். எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் எல்.பி. 1963-ல் வந்தது. அப்பா அதைப் பிற்பாடு வாங்கி, காலையில் தானே போடுவார். அவர் நைட் ஷிப்டு போன நாட்களில் நான் போட்டேன், முள்ளைத் திருப்பாமலே. எத்தனை நாள் என்று நினைவில்லை. அப்பா ஒரு காலை கேட்டுவிட்டு நெம்புகோலைத் திருப்பினார். ஒன்றும் சொல்லவில்லை.

சில வருஷம் முன்பு மயிலாப்பூரில் ஒருவர் வீட்டில், விலை உயர்ந்த டர்ன்டேபிளில் அதே தட்டைப் போட்டுக் கேட்டேன். குரல் அருமை. கூடவே எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற சத்தமும், அது எந்தெந்த இடம் என்பதும் தெளிவாகக் கேட்டது. நல்ல மெஷின் என் தப்பையும் நன்றாகவே காட்டியது. பள்ளத்திலிருந்து தேய்ந்துபோனதை எந்த மெஷினும் திருப்பித் தராது.

ஆகவே நண்பரே, முதலில் உங்கள் பிளேயரின் முள்ளைப் பாருங்கள். வைர முள்ளும் ஆயிரம் மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும். தேய்ந்த முள் உளி மாதிரி. புது முள், அழுத்தம் அளக்கும் சின்னத் தராசு, தட்டைக் கழுவும் பிரஷ் மூன்றுக்கும் சில ஆயிரம் போதும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பெரிசு வாங்குங்கள். 78 சுற்று உண்டா, அதற்குத் தனி முள் கிடைக்குமா என்று கேளுங்கள். பையன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவதானால் மின்சாரத்தையும் கவனியுங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. சில மாடல்களில் 33⅓ சுற்று 28-க்கும் கீழே இறங்கி, பாகவதர் குரல்கூடக் கட்டையாகிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போனால் நம் தரை நடுங்கும். மேஜை வேண்டாம், சுவரில் கெட்டியான பலகை அடித்து வையுங்கள். உப்புக்காற்றுக்கு மூடி அவசியம்.

அப்பாவின் தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வெடிக்கிற இடங்கள் எனக்கு மனப்பாடம். உங்கள் தட்டுகளை அப்படி ஆக்கிவிடாதீர்கள்.