வெபரின் ஓவர்சரும் தீட்சிதரின் நோட்டுஸ்வரமும்

ஓவர்சர்னா பயப்பட ஒண்ணுமில்லீங்க. ஓபராவில் திரை விலகுறதுக்கு முன்னாடி ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கிற இசை. நம்ம பழைய படங்கள்ல டைட்டில் மியூசிக் ஓடுமே, கிட்டத்தட்ட அதுதான். கதைக்குப் பொருந்தணும்னு கட்டாயம்கூட இல்லை. ரோசினி 1813ல் ஒரு ஓபராவுக்கு எழுதினதை 1815ல் இன்னொண்ணுக்குத் தட்டிக்கொட்டிப் போட்டார். 1816ல் 'செவில் நகர நாவிதன்' வந்தப்பவும் அதே சரக்குதான் :)

அப்புறம் ஓபராவே இல்லாம, விழாக்களுக்குன்னே தனி ஓவர்சர்கள் வந்துச்சு. சாக்சனி ராஜாவோட 50 வருஷ ஆட்சியைக் கொண்டாட 1818ல் வெபர் ஒண்ணு எழுதினார். பேரு 'ஜூபிலி ஓவர்சர்'. அதோட முடிவுல மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் முழங்குறது எந்த மெட்டு தெரியுமா? 'காட் சேவ் தி கிங்'! அதே மெட்டுலதான் அப்போ சாக்சனியிலயும் ராஜ வாழ்த்து பாடினாங்க.

இதே மெட்டை நம்மாள் ஒருத்தரும் எடுத்திருக்கார். முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835). மணலி முதலியார் ஆதரவுல குடும்பம் இருந்த நாள்ல, சென்னைக் கோட்டையில கம்பெனி பேண்டு வாசிச்சதைக் கேட்டவர். தம்பி பாலுசுவாமி வயலினே கத்துக்கிட்டார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். சுமார் 40 நோட்டுஸ்வரங்கள், எல்லாம் சங்கராபரணம். வெள்ளைக்காரங்க மேஜர் ஸ்கேல்னு சொல்றதும் அதே ஸ்வரங்கள்தான். கமகமே கிடையாது.

வெபர் எடுத்தா கௌரவம். தீட்சிதர் எடுத்தா "குழந்தைங்க பாடம்", இல்லேன்னா "காப்பி". எனக்கு இது எரிச்சலா இருக்கு. கமலாம்பா நவாவரணம் பண்ணின மனுஷனுக்கு மெட்டுப் பஞ்சமா என்ன? வெபரே 1809ல் 'துராந்தோ' நாடகத்துக்கு எழுதின ஓவர்சர்ல, ரூசோவோட இசை அகராதியிலிருந்து ஒரு சீன மெட்டை எடுத்துக்கிட்டவர்தான். யாரும் அவரைத் திட்டலை.

அதுலயும் வித்தியாசம் பாருங்க. வெபர் ராஜ மெட்டை இன்னொரு ராஜாவுக்கே கொடுத்தார். தீட்சிதரோட 'சந்ததம் பாஹிமாம்'ல ராஜாவையே காணோம். அவர் இருந்த இடத்துல சியாமளா தேவி உட்கார்ந்திருக்கா! கம்பெனி கொடி பறந்த காலத்துல இதை விளையாட்டா செஞ்சாரா, வேணும்னே செஞ்சாரா? வேணும்னேதான்னு என் கட்சி.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கலக்கிற திருமுக்கூடல்காரனுக்கு, கலப்புன்னா தப்பாத் தெரியாதுதான்னு வெச்சுக்குங்களேன். கேட்கிறவங்க 'சந்ததம் பாஹிமாம்'ல ஆரம்பிங்க, அப்புறம் வெபரோட கடைசி ஒரு நிமிஷம். எங்க பக்கத்து ஊர் ஏகாம்பரநாதர் மேலயும் ஒண்ணு இருக்கு, 'காஞ்சீசம் ஏகாம்ரநாதம்'. அதையும் விட்டுடாதீங்க.