ஆலயத்தை விட்டு அகன்றோர்

தேவாலயத்திற்கு வருவோர் தொகை குறைந்து வருகிறதென வருந்துவோர் பலர். தொகை குறையின் விசுவாசமும் குறைந்ததென்பது அவர்தம் துணிபு. தமிழ்க் கிறிஸ்தவர் சரித்திரமோ இதற்கு மாறான செய்தியொன்றைக் கூறுகின்றது.

1706-ல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின் அங்கும் தஞ்சையிலும் சபைகள் பெருகின; ஜாதியும் உடன் புகுந்தது. ஒரே கூரையின்கீழ்த் தனித்தனி இடம். நற்கருணை பெறுவதிலும் ‘மேற்குலத்தார்’ என்போருக்கே முதன்மை. ராஜநாயக்கன் என்னும் உபதேசியார் ஊழியத்திற் சிறந்தவராயிருந்தும், ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்தமையாற் குருப்பட்டம் பெற்றாரில்லை. கிறிஸ்துவின் பந்தியில் இஃதென்ன கொடுமை!

1833-ல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைகளில் ஜாதி வேற்றுமை உடனே, அறவே ஒழிதல் வேண்டுமென்று நிருபம் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் அது வாசிக்கப்பட்டதும் ‘மேற்குலத்தார்’ நூற்றுக்கணக்கில் வெளியேறினர். ஜெபத்தை விட்டனர், ஜாதியை விட்டாரில்லை. அத்தியட்சர் தாமே தஞ்சைக்கு வந்து எடுத்துரைத்தும் பலர் இணங்கவில்லை. தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும், அந்நிருபத்திற்கு முன்னரே, 1829-ல், ஜாதி வழக்கத்தை ஆதரித்து எழுதியவர். அவர் பாட்டின் இனிமை வேறு, இது வேறு.

வருகைக் கணக்கை மட்டும் நோக்குவோர், வில்சன் சபையைப் பாழாக்கினார் என்றே எழுதுவர். அகலாது நின்றோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தவர். அவர்களை அக்கணக்கு எண்ணுவதில்லை போலும்.

1840-ஐ அடுத்து வந்த லுத்தரன் மிஷன் ஜாதி விஷயத்தில் அத்துணைக் கண்டிப்புக் காட்டவில்லை. வெளியேறினோரில் பலர் அங்குச் சென்று சேர்ந்தனர். அங்கே ஆலயம் நிறைந்தது.