ஊஞ்சல் கொக்கியில் தொங்கிய பாட்டில்

போன சித்திரையில் என் மனைவிக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். திருப்புட்குழியிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் காரில் கூட்டிப் போகக்கூட முடியாத நிலை. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துச் சீட்டு எழுதினார். நர்ஸ் வந்து, கூடத்து ஊஞ்சல் கொக்கியில் பாட்டிலைத் தொங்கவிட்டுக் 'குளுக்கோஸ்' ஏற்றினார். ஊரில் அப்படித்தான் சொல்கிறோம். உள்ளே இருந்தது சலைன், அரை லிட்டருக்கு நாலரை கிராம் உப்பு. இரண்டு நாளில் நாலு பாட்டில்.

இந்த உப்புத் தண்ணீருக்கும் நான் வேலை பார்த்த தந்தித் துறைக்கும் ஓர் உறவு உண்டு. 1831-ல் பிரிட்டனில் காலரா பரவியபோது, நோயாளியின் ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்துபோவதைக் கண்டு சொன்னவர் ஓஷானசி என்ற இளம் டாக்டர். மறு வருஷமே ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா உப்புநீரை நரம்பில் செலுத்திப் பார்த்தார். முதலில் ஏற்றிக்கொண்ட மூதாட்டி எழுந்து பேசினாராம். பேதி திரும்பவே, சில மணி நேரத்தில் போய்விட்டார். ஓஷானசி பிறகு கல்கத்தா வந்தார், இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டார். எங்கள் துறைக்கே அவர்தான் தாத்தா!

1971-ல் வங்க அகதிகள் முகாமில் சலைன் தீர்ந்துகொண்டிருந்தபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சர்க்கரை, சோடா கலந்த நீரைக் குடிக்கவே கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார். குடிக்க முடிகிறவர்களுக்கு அதுவே போதும். என் மனைவிக்கு ஒரு மடக்கும் தங்கவில்லை.

இனி பில்லுக்கு வருகிறேன். பாட்டிலின் விலை சொற்பம். டியூப், ஊசி, நர்ஸ் வந்து போன கட்டணம், இவைதான் தொகையை ஏற்றின. இன்ஷூரன்ஸுக்கு அனுப்பினேன், திரும்பி வந்தது. மெடிக்ளைம் 1986-ல் வந்தது. வீட்டு வைத்தியத்துக்குப் பணம் தர அதன் பழைய விதிகள் கேட்பது, சிகிச்சை மூன்று நாளைத் தாண்ட வேண்டும், நோயாளியை நகர்த்த முடியாத நிலையோ ஆஸ்பத்திரியில் இடமில்லாத நிலையோ இருக்க வேண்டும். அப்படியும் ஆஸ்துமா, சளி, இருமல், வயிற்றுப்போக்குக்குக் கிடையாது. எந்த நோய்க்காகச் சலைன் பிறந்ததோ, அந்த வகை நோய்க்கே கதவடைப்பு! பொய் பில்லுக்குப் பயந்து வைத்த விதியாக இருக்கலாம். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது.

ஆனால் 2020-ல் வந்த கொரோனா கவச் பாலிசியில், வீட்டிலேயே 14 நாள் வரை சிகிச்சைக்குப் பணம் உண்டு என்றார்கள். டாக்டர் எழுதித் தர வேண்டும், தினசரிக் குறிப்பில் அவர் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் நர்ஸும் நாடி, பிரஷர் எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தார். அதில் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, மறுபடி அனுப்பியிருக்கிறேன்.