கடலில் மறைந்த ஹஜ் கப்பல்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் நம் ஜமாஅத்தார்க்கு எம்டனைத் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கலன்களைப் பீரங்கியால் சுட்டு எரித்த அந்த ஜெர்மானியக் கப்பல் நம் பேச்சுவழக்கிலும் ஒரு சொல்லாகிவிட்டது. ‘எல் மதீனா’வை அறிந்தோரோ நம்மில் மிகச் சிலரே.

புனித ஹஜ் பயணத்தை மொகல் லைன் என்ற ஆங்கிலேயக் கம்பெனி தன் கையில் வைத்திருந்த காலம் அது. அதற்குப் போட்டியாக, இந்தியர் நிறுவனமாகிய சிந்தியா 1937இல் ஹஜ் கப்பல்களை விட்டது. அவற்றுள் ஒன்றே எல் மதீனா. போர் மூண்டபின், ஹாஜிகளைச் சுமந்த தளங்களில் படையினர் ஏற்றப்பட்டனர். 1944 மார்ச் 16 அன்று, கல்கத்தாவிலிருந்து சிட்டகாங் செல்லும் வழியில், ஜப்பானின் ரோ-111 என்ற நீர்மூழ்கியின் டார்பிடோ அதனைத் தாக்கியது. 380 உயிர்கள் கடலோடு போயின. இதே நீர்மூழ்கிதான் மூன்று மாதம் முன்பு, 1943 டிசம்பர் 23இல், நம் சோழமண்டலக் கரைக்கு அப்பால் ‘பெஷாவர்’ என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதிலிருந்தோர் மீட்கப்பட்டனர், அல்ஹம்துலில்லாஹ்.

அக்காலக் கப்பல்களின் கொதிகலன் அறைகளில் வெந்தவர்களில் பலர் சில்ஹட், சிட்டகாங், நவகாளி முஸ்லிம்கள். ஆங்கிலேய மாலுமியின் ஊதியத்தில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. டார்பிடோ இயந்திர அறையில் பாய்ந்தால் முதலில் மாள்வோரும் அவர்களே. கஃபன் இல்லை, கப்ரு இல்லை. நீரில் மூழ்கி இறந்தோரும் ஷஹீதுகளே என்பது நபிமொழி காட்டும் ஆறுதல். காயிப் ஜனாஸா தொழலாம் என்பர் ஷாஃபிஈ இமாம்கள். ஹனஃபி மத்ஹபில் அது இல்லை. அவர்களின் ஊர்களோ பெரும்பாலும் ஹனஃபிகளின் ஊர்கள்.

கடலில் மறைந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் பம்பாய், சிட்டகாங் நினைவு ஏடுகளில் எழுதப்பட்டுள்ளன.